இரண்டாம் பக்கம், ஏழாவது வரி

ஐந்தாம் அத்தியாயம்

"இன்னொரு வாட்டி படி நைனா," என்றாள் ஹாஜிரா பீ.

துப்பறியும் பொன்ராஜ் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மறுபடியும் படித்தான்.

"ஐயா, தங்கள் கலாசாலையின் சரித்திர விரிவுரையாளர் பதவிக்குத் திரு. ஹென்றி இக்னேஷியஸ் அவர்கள் அனுப்பியிருக்கும் மனுவில், இரண்டாம் பக்கம் ஏழாவது வரி உண்மையல்ல. 1942 ஏப்ரல் வரை ரங்கூனில் பாடம் நடத்தியதாக அதில் கண்டிருக்கிறது. அக்கலாசாலை 1941 டிசம்பர் 23-ஆம் தேதி காலை, முதல் குண்டு விழுந்தவுடன் மூடப்பட்டது. அச்சமயம் வகுப்பில் இருந்தவர்கள் பதினோரு பேர். மற்ற வரிகளில் பிழை இல்லை. தயவுசெய்து திருத்திக்கொள்ளவும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

"இன்னா நைனா இது! ஒரு வசவு இல்ல. அவன் அப்பன் ஆத்தாவ இழுக்கல. எவளையோ வச்சிக்கினு கீறான்னு ஒரு வார்த்த இல்ல. ‘திரு’ன்றான், ‘அவர்கள்’ன்றான். மொட்டக் கடுதாசியா இது, கல்யாணப் பத்திரிகையா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சுப்பராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மயிலாப்பூர் வேதாசலம் கலாசாலையின் காரியதரிசி அவர். வயிற்றுப் பிழைப்புக்கு வக்கீல் தொழில், கௌரவத்துக்கு இது. துப்பறிகிறவனை வரச் சொன்னால் கூடவே புர்க்கா போட்ட ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி வந்து, சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இவா..." என்று இழுத்தார்.

"என் உதவியாளர். துறைமுகத்துச் சுங்க இலாகாவில் பதினெட்டு வருஷம் இருந்தவங்க. கப்பல்லேயிருந்து இறங்கற பெண்களைச் சோதனை போடற உத்தியோகம். புடவைக் கரையைத் தடவிப் பார்த்தே உள்ளே வைரமா கண்ணாடியான்னு சொல்லிடுவாங்க," என்றான் பொன்ராஜ்.

"படிப்புதான் இல்ல சார். அதனால எவன் எழுதினதும் எனக்குப் பேசற மாரிதான் கேக்கும்," என்றாள் ஹாஜிரா பீ.

சுப்பராமன் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குக் கமிட்டி. மனு பதினொண்ணு வந்திருக்கு. எல்லாத்துலயும் மேலானது இந்த இக்னேஷியஸோடதுதான். சாந்தோம் கிறிஸ்தவா, நன்னாப் படிச்சவர், பர்மாவுலேர்ந்து நடந்தே வந்தவர். அவரைத்தான் போடணும்னு நான் தீர்மானிச்சிருந்தேன். நடுவுல இது வந்து விழுந்தது. எழுதினது யாரு, எழுதினது நெஜமா, ரெண்டும் எனக்கு நாளைக்கு ஒம்போது மணிக்குள்ள தெரியணும்."

"அவரையே கூப்ட்டு இன்னா சமாசாரம்னு கேட்டா முடிஞ்சிது. இதுக்கு நாங்க எதுக்கு?"

"ஒன்பதாம் விதி அம்மா. கடைசித் தேதிக்கப்புறம் மனுதாரர் நேர்லயோ கடுதாசியிலயோ எங்களை அணுகினா மனு தள்ளுபடி. நாங்களும் அவாளோட பேசப்படாது. சிபாரிசை நிறுத்தறதுக்காகப் போட்ட விதி."

"நின்னுச்சா சார்?"

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்ராஜ் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"இந்த உத்தியோகம் அவருக்குக் கிடைக்காமப் போனா?"

"வர்ற பதினெட்டாந் தேதியோட நாப்பது வயசு முடியறது. அதுக்கு மேல எந்தக் கலாசாலையும் புதுசா எடுத்துக்காது. இது போச்சுன்னா அவருக்கு வேற கிடையாது ஓய். அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஹாஜிரா பீயின் காதில் அது ஒரு கதவு சாத்துகிற மாதிரி விழுந்தது. நாற்பத்திரண்டில் பர்மாக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை அவள் பார்த்தவள். பெட்டியைத் திறக்கச் சொன்னால், திறக்கப் பெட்டி இருக்காது. ஒரு சோற்றுக் குண்டானை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களைச் சோதனை போடக் கை கூசி, அந்த வருஷத்தோடு வேலையை விட்டாள்.

"மனுவை யார் யார் பார்த்திருக்காங்க?" என்றான் பொன்ராஜ்.

"அரக்கு வெச்ச கவர். பிரிச்சது நான். பதிஞ்சது கிளார்க்கு. மூணாமத்தவா யாரும் பார்க்கலை."

"ரெண்டாம் பக்கம் ஏழாவது வரின்னு எண்ணிச் சொல்றான். அப்போ கவரை ஒட்டறதுக்கு முன்னாடியே பார்த்தவன்."

ஹாஜிரா பீ மேஜைமேல் கிடந்த மனுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, எழுத்தைப் பாராமல் மூலையை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஆறு மனுக்களைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இது ஆறும் ஒரு தாய் புள்ளைங்க சார்."

"இதுல இக்னேஷியஸோடதும் இருக்கே! எப்படிச் சொல்றேள்?"

"சண்ட காலத்துலேர்ந்து குண்டூசி கெடைக்கல, எல்லாரும் மூலைய மடிச்சு வுடறாங்க. இந்த ஆறும் நீல நூலால தச்சுக் கீது. இந்த முடிச்சப் பாருங்க, பொத்தான் கட்டற முடிச்சு. தையக்காரன் கை. தையக்காரன் இன்னாத்துக்கு மனுவத் தைக்கிறான்?"

பொன்ராஜ் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"பாண்டி பஜார்ல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு அக்கா. போன வருஷம் வரைக்கும் அது தையல் கடை."

---

ஷாஹுல் ஹமீதின் கடையில் தையல் மிஷின் இருந்த இடத்தில் இப்போது இரண்டு டைப்ரைட்டர்கள் இருந்தன. கண்ணாடி அலமாரியில் மட்டும் பழைய காலர் ஒன்று மாட்டியபடியே கிடந்தது. ஹமீது கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. பையனுக்கு உத்தியோக மனுவா?"

"இல்ல பாய். நீங்க தச்ச மனு ஒண்ணு நடுவுல பிரிஞ்சிக்கிச்சு," என்றாள் ஹாஜிரா பீ.

பொன்ராஜ் விஷயத்தைச் சொன்னான். ஹமீதுக்குக் கோபம் வரவில்லை. தன் வேலையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது.

"தச்சேன்தாங்க. எந்த மனுசனோட வாழ்க்கை வருசம் விடாம வருதுங்க? ஒருத்தரு ஆறு மாசம் வேலையில்லாம இருந்திருப்பாரு. ஒருத்தரு ஜெயிலுக்குப் போய் வந்திருப்பாரு. ஒருத்தருக்கு நெஞ்சு நோவு. எழுதிக் கொண்டாரப்போ நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கும். கிழிஞ்ச சட்டையைக் கஸ்டமர் கையில குடுத்து அனுப்புவனா நான்? அந்தப் பக்கத்தக் கொஞ்சம் இழுத்து, இந்தப் பக்கத்தக் கொஞ்சம் இழுத்து, ஒட்டுப்போட்டது தெரியாம முடிச்சுடுவேன். அதுக்குத்தாங்க மாம்பலம் முழுக்க என்கிட்ட வருது."

"அந்த ஆறு மனுவுலேயும்?"

"ஆறுலேயும். நீலமேகம்னு ஒருத்தரு, அதே உத்தியோகத்துக்குத்தான். ரெண்டு வருசம் சினிமாக் கம்பெனியில பாட்டு எழுதிக்கிட்டு இருந்தாரு. அதை ‘சுதந்தர ஆராய்ச்சி’ன்னு போட்டுக் குடுத்தேன். சந்தோசத்துல என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு."

"தோபா! பாட்டு எப்படிப்பட்டதுன்னு கேட்டீங்களா பாய்? அதையும் ஆராயணும்ல," என்றாள் ஹாஜிரா பீ.

"இக்னேஷியஸ் என்ன சொன்னார்?" என்று பொன்ராஜ் திருப்பினான்.

ஹமீதின் முகம் சற்றே வாடியது.

"அவருக்குத்தாங்க தெரியாது. சின்னக் கிழிசல், நாலே மாசம். டிசம்பர்ல காலேஜ் மூடிருச்சுன்னு எழுதியிருந்தாரு. படிப்பு வருசம் ஏப்ரல்ல முடியுது, நடுவுல அறுத்து வச்சா அசிங்கமா இருக்கும்னு ஏப்ரல்னே அடிச்சுட்டேன். அவரு இருக்கிறது ஊரூர்க் குப்பத்தாண்ட. ரெண்டு வாட்டி பஸ்ஸு மாத்தி வரணுமேன்னு கடைசிக் காயிதத்துல கையெழுத்த மொதல்லயே வாங்கி வச்சுக்கிட்டேன். எல்லாருகிட்டயும் அப்படித்தான். அடிச்சு, தச்சு, நானே ரிஜிஸ்தர் தபால்ல போட்டுடுவேன். கடைசித் தேதி முடிஞ்சு மூணாம் நாள் வந்து மனுவோட காப்பிய வாங்கிக்கிட்டாரு. இந்த ஸ்டூல்லதான் உக்காந்து படிச்சாரு. ஒரு வார்த்தை திட்டல. டீ வரவழைச்சேன், குடிக்கல. எழுந்து போயிட்டாரு."

"அப்போ இங்கே வேற யாராவது இருந்தாங்களா?"

"நீலமேகம் சார் இருந்தாரு."

பொன்ராஜ் தொடையைத் தட்டினான். தெருவில் இறங்கியதும், "முடிஞ்சுது அக்கா! போட்டிக்காரன் தோள்மேலேயிருந்து எட்டிப் பார்த்திருக்கான். வீட்டுக்குப் போனதும் கடிதாசி எழுதியிருக்கான்," என்றான்.

ஹாஜிரா பீ நடையை நிறுத்தவில்லை.

"போட்டிக்காரன் ‘மத்த வரியெல்லாம் சரி’ன்னு எழுதுவானா நைனா? அவன் குழி தோண்டறதுக்கு வந்தவன். தோண்டிட்டுப் பக்கத்துல ஏணியும் வச்சிட்டுப் போவானா?"

பொன்ராஜ் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான்.

"அது போவட்டும். ரங்கூன்ல குண்டு வுழறப்ப பதினோரு பேரு இருந்தாங்கன்னு பாட்டு எழுதறவனுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு பேர்ல ஒருத்தன்!" என்றான் பொன்ராஜ். "பழைய மாணாக்கன் எவனோ மதராஸுக்கு வந்து சேர்ந்திருக்கான். வாத்தியார்மேலே மரியாதையும் இருக்கு, பொய்யைப் பொறுக்கவும் முடியலை. அந்தப் பதினோரு பேர் யாருன்னு தெரிஞ்சா போதும்."

"அத்தத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான். வா, அடையாத்துக்கு பஸ்ஸு வருது."

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் ஓடுகிற பஸ் அது. பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் இருந்த அடுப்பைக் கிளறினார். "பிரியாணி ஆயிடுச்சான்னு பாருப்பா, பசிக்கிது," என்றாள் ஹாஜிரா பீ ஜன்னல் வழியே. பஸ் முழுக்கச் சிரித்தது. பொன்ராஜ் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

---

ஊரூர்க் குப்பத்து ஓரத்தில், மீன் வலைகள் காய்கிற மணலைத் தாண்டி, ஓடு வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் இக்னேஷியஸின் மனைவி ஐரின் கை மிஷினில் ஒரு சின்ன கவுனுக்குச் சுருக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வேதாசலம் கலாசாலை என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆர்டர் வந்திருக்கா?"

"இல்லம்மா. சும்மா ரெண்டு கேள்வி," என்றான் பொன்ராஜ்.

உள்ளேயிருந்து இக்னேஷியஸ் வந்தார். உயரமான மனிதர். வீட்டில் இருக்கும்போதும் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"உக்காருங்க. என்ன வேணும்?"

"ரங்கூன்ல கலாசாலையை மூடின அன்னிக்கு உங்க வகுப்புல பதினோரு பேர் இருந்தாங்களே சார். அவங்கள்ல யாராவது இப்போ மதராஸ்ல இருக்காங்களா?"

இக்னேஷியஸ் யோசிக்கவே இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறவரைப் போல விரல் மடக்காமல் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பதினொரு பெயர். அநேகமாக ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அவன் செத்த இடம் வந்தது. இவன் அன்றைக்குத் துறைமுகத்தருகே. இவனும் இவன் தம்பியும் தப்பி வந்த வழியில், ப்ரோம் ரோட்டில். இவன் காலரா, மலையேறுவதற்கு முன்னால். இவன் மலையில். மூன்று பேரைப் பற்றி மட்டும், "தெரியலை, நானும் விசாரிக்காத ஆள் இல்லை," என்றார். "மதராஸுக்கு யாரும் வரலை."

ஹாஜிரா பீ முகத்திரையைத் தூக்கி விட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அந்த ரூம்புல பன்னெண்டு பேருதானே சார் இருந்தீங்க?"

இக்னேஷியஸ் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பதினோரு பேரும் இங்க இல்ல. மிச்சம் ஒருத்தரு."

"ஆமாம். நான்தான் எழுதினேன்," என்றார் இக்னேஷியஸ்.

பொன்ராஜின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. ஐரின் அதைவிட மெதுவாக, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்டச் சத்தியம் பண்ணீங்களே! போக மாட்டேன், பேரைப் போட்டு எதுவும் எழுத மாட்டேன்னு அந்தோணியார் படத்து மேல கை வெச்சுச் சொன்னீங்களே!"

"பேரைப் போடலையே ஐரின்."

"ஐயோ, கேட்டீங்களாம்மா!" என்று அவள் ஹாஜிரா பீயின் பக்கம் திரும்பினாள். "நாலு மாசம்மா. வெறும் நாலு மாசம். இவரா எழுதினாரு? அந்தப் பாய் எழுதினது. யாரையாவது ஏமாத்தினோமா? இந்த நாலு வருஷமா டியூட்டோரியல்ல, பார்சல் ஆபீசுல, எங்கெல்லாம் நின்னாரு தெரியுமா? பதினெட்டாந் தேதியோட அதுவும் முடிஞ்சுது. தானே தன் மேல மொட்டைக் கடுதாசி போட்டுக்கற ஆம்பளையை எங்கேயாவது கண்டிருக்கீங்களா?"

"உலகத்துல எல்லா மொட்டக் கடுதாசிக்காரனும் உண்மை விளம்பின்னுதான் போட்டுக்கிறான். நெஜமாவே விளம்பினது இவரு ஒருத்தர்தாம்மா," என்றாள் ஹாஜிரா பீ. சொல்லி முடித்த பிறகுதான், சிரிக்க வைக்கிற சமயம் இது இல்லை என்று அவளுக்கே பட்டது.

"திருத்தம் கேட்டு முறைப்படி எழுதலாம்னுதான் பார்த்தேன்," என்றார் இக்னேஷியஸ். "ஒன்பதாம் விதி குறுக்கே நிக்குது. பேர் போட்டு எழுதினா மனுவே போயிடும். பேர் போடாம எழுதினா அந்த வரியை மட்டும் அடிச்சுட்டு மத்ததைப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன்."

"பேசாம விட்டிருக்கலாமே சார்," என்றான் பொன்ராஜ். "யாருக்குத் தெரியப் போகுது?"

"ஏப்ரல் வரைக்கும் பாடம் நடத்தினேன்னு போட்டிருக்கு. யாருக்கு நடத்தினேன்? அந்த நாலு மாசத்துல அவங்கள்ல நாலு பேரை நான் என் கையாலே புதைச்சேன். அதைப் பாடம்னு எழுதி அதுக்கு ஒரு உத்தியோகம் வாங்கிக்கவா?"

பொன்ராஜ் குனிந்து பென்சிலை எடுத்துக்கொண்டான்.

புறப்படும்போது அவர் வாசல் வரை வந்தார். "உள்ளதை எழுதுங்க," என்றார் பொன்ராஜிடம். அவர் உள்ளே போனதும் ஐரின் ஓடி வந்து ஹாஜிரா பீயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனி சொரசொரத்திருந்தது.

"நீங்க எழுதிடாதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீ போயி வேலையப் பாரும்மா. நான் பாத்துக்கறேன்," என்றாள் ஹாஜிரா பீ.

---

அடையாற்று பஸ் நிறுத்தத்தில் பொன்ராஜ் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு பஸ்கள் வந்து போயின.

"அக்கா, நான் சி.ஐ.டி. இலாகாவை விட்டு ஏன் வந்தேன் தெரியுமில்லையா?"

"தெரியும். பெரிய தொரை ஒரு பொய்ய எழுதச் சொன்னாரு, நீ மாட்டேன்னுட்ட. நூறு வாட்டி சொல்லிக் கீற."

"இன்னிக்கு யாரும் எழுதச் சொல்லலை."

"நான் சொல்றேன் எழுது. அந்தப் பொண்ணாண்ட வாய வுட்டுட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இத்தினி வருசத்துல எத்தினி பேரோட புடவக் கரையத் தடவியிருப்பேன். ரெண்டு வாட்டி தெரிஞ்சே வுட்டிருக்கேன் நைனா. ஒருத்தி செத்த புருசனோட மோதரத்தத் தச்சு வச்சிருந்தா. இன்னொருத்தி இன்னா வச்சிருந்தான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. மூஞ்சப் பாத்தேன், வுட்டுட்டேன். கவர்மெண்டு ஒண்ணும் கவுந்துடல."

"அவரே உள்ளதை எழுதச் சொன்னாரே அக்கா."

"அவரு சொல்லுவாரு. அவருக்கு இன்னா, மனசு சுத்தமாக் கீது. சோறு வடிக்கறவ அவ."

பொன்ராஜ் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தான். எழுதி முடித்துவிட்டு மெல்லப் படித்தான். ‘விசாரித்தேன். கடிதம் எழுதியவர் யாரென்று புலப்படவில்லை. ரங்கூன் கலாசாலை டிசம்பரில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு ஏப்ரல் வரை நடந்ததாகத் தெரிகிறது. இரண்டாம் பக்கம் ஏழாவது வரி சரியே.’

"நல்லாக் கீது. மொத வாட்டி எழுதறவன் மாரியே இல்ல," என்றாள் ஹாஜிரா பீ.

அவன் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

---

மறுநாள் காலை ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது சுப்பராமன் அந்த ரிப்போர்ட்டை இரண்டு தடவை வாசித்தார். மடித்தார். அதைத் தன் பக்கத்தில் இருந்த இன்னொரு காகிதத்தின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து பொன்ராஜின் பக்கம் தள்ளினார்.

"இது ஏழரை மணிக்கு ஆத்துக்கே வந்தது. அவரே கொண்டு வந்து குடுத்தார்."

கீழே இருந்த காகிதத்தில் ஹென்றி இக்னேஷியஸ் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏழாவது வரி தவறு, மொட்டைக் கடிதம் தன்னுடையதே, விசாரிக்க வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்கு மேலும் ஒளிவது முறையல்ல என்பதால் வந்தேன், வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். பொன்ராஜ் அதை ஹாஜிரா பீக்காக வாய்விட்டுப் படித்தான். பாதியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டான். மிச்சத்தை அவள் கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

"நாம போயி கதவத் தட்டாம இருந்திருந்தா இவரு வந்திருக்க மாட்டாரு நைனா," என்றாள்.

"நான் உம்மைக் கோவிச்சுக்கலை ஓய்," என்றார் சுப்பராமன். அவருடைய குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அவர் வராம இருந்து, உம்ம ரிப்போர்ட் மட்டும் வந்திருந்தா, நான் எதையும் தோண்டியிருக்க மாட்டேன். பத்து மணிக்குக் கமிட்டியில வாசிச்சிருப்பேன். பதினோரு மணிக்கு அவருக்கு ஆர்டர் போயிருக்கும்."

"இப்பவும் போடலாமே சார். பொய்யின்னு அவரே வந்து சொல்லிட்டாரே, அதவிட யோக்கியம் இன்னா வோணும்?"

"அதான் சாட்சியே அம்மா. பொய்யான வரி ஒண்ணு, ஒத்துண்டாச்சு. ஒன்பதாம் விதியை மீறினது ரெண்டு தரம். பேர் போடாம ஒரு தரம், பேர் போட்டு ஒரு தரம். கமிட்டியில நாலு பேர் இருக்கா, நான் என்னன்னு சொல்லட்டும்? மனு புஸ்தகத்துல தள்ளுபடிக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. தானே வந்து சொன்னார்னு எழுத அதுல இடம் கிடையாது."

"மத்த அஞ்சு மனுவும் அதே தையல்தான் சார்," என்றான் பொன்ராஜ். "நீலமேகத்தோட ரெண்டு வருஷ ஆராய்ச்சி, சினிமாப் பாட்டு."

"அவா மேல கடுதாசி வந்ததா?"

"இல்லை."

"அத்தாட்சி ஏதாவது?"

காகிதப் பஞ்சத்தில் ஹமீது ஒரு காப்பிதான் எடுப்பார். அதையும் மனு கொடுத்தவரிடமே கொடுத்துவிடுவார். பொன்ராஜுக்கு அது தெரியும். அவன் நோட்டுப் புத்தகத்தை மூடினான்.

"வயசு வரம்புக்குள்ள, முறையா, ஓட்டை இல்லாம இருக்கற மனு இனிமே அந்த நீலமேகத்தோடதுதான்," என்று சுப்பராமன் எழுந்தார். பொன்ராஜ் தன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போவானா என்று ஒரு கணம் பார்த்தார். அவன் எடுக்கவில்லை என்றதும் தாமே எடுத்து, நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "இது வரவே இல்லைன்னு வெச்சுக்கறேன். உம்ம பேர் கெட வேண்டாம்."

வெளியே, கலாசாலைக் கம்பிக் கதவுக்கு எதிரே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இக்னேஷியஸ் நின்றிருந்தார். மேல் பொத்தான் வரை போட்ட அதே சட்டை. கடிதத்தைக் கொடுத்ததிலிருந்து அங்கேயே நிற்கிறார் போலிருந்தது. ஹாஜிரா பீயின் முகத்தைப் பார்த்ததும், கேட்க வந்த கேள்வியை அவர் மாற்றிக்கொண்டார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பரீட்சை முடிவைப் பலகையில் பார்த்துவிட்டு நகர்கிறவர் போல இரண்டடி நடந்தார். பிறகு திரும்பி வந்தார்.

"உங்க ரிப்போர்ட்ல உள்ளதைத்தானே எழுதினீங்க?"

பொன்ராஜ் ஹாஜிரா பீயைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"உள்ளதைத்தான் எழுதினேன் சார்."

"நல்லது." அவர் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "எனக்கு ஒரு உதவி செய்யணும். நான் இங்கே வந்தது ஐரினுக்குத் தெரியாது. காலையில மாதா கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நானாவே வந்து கொடுத்தேன்னு தெரிஞ்சா அவ இனிமே என்கூடப் பேச மாட்டா. பேசுவா, ஆனா பேச மாட்டா. உங்களுக்குப் புரியும். நீங்க வந்து சொல்லணும். உங்க ரிப்போர்ட்டாலதான் போச்சுன்னு."

ஹாஜிரா பீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்களும் எழுதியிருக்கீங்களே. அதனால அது முழுப் பொய்யும் இல்லை," என்றார் அவர். சொல்லும்போது கண் தரையில் இருந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

பொன்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹாஜிரா பீ அவன் கையை அழுத்தினாள்.

"சொல்றேன் சார்," என்றாள். "பாத்துக்கறேன்னு அவளாண்ட சொல்லிட்டு வந்தவ நான். என் வாயாலயே சொல்லிடறேன். நீங்க கோவிலுக்குப் போய்ட்டு மெதுவா வாங்க. நான் மொதல்ல போறேன்."

முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். பொன்ராஜ் கூடவே நடக்கப் பார்த்தான்.

"நீ வராத நைனா. ரெண்டு பேரு இருந்தா அவளால திட்ட முடியாது," என்று சொல்லிவிட்டு அடையாற்று பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.